ஒரு மஞ்சள் காரும் ஏழு உறுப்பினர்களும்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் தனி ஆளாகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்த அவசரக்காரன் மட்டும் ஒரு குழு அமைத்துக் கலந்து பேசியிருந்தால், எந்தச் சரிவிலும் தானாக உருண்டு போகாத, பாதுகாப்பான, நான்கு மூலையுள்ள சக்கரம் ஒன்று மனித குலத்துக்குக் கிடைத்திருக்கும். அந்த வரலாற்றுக் குறையைப் போக்குவதற்கென்றே பினாங்கில், துறைமுகத்தைப் பார்த்த ஓர் அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், ஒரு குழு பிறந்தது.

அலுவலகத்தின் பெயர் நீலமணி கப்பல் சரக்கு முகவர்கள். குழுவின் பெயர் ‘விளையாட்டுக் கார் தேர்வுக் குழு’. உறுப்பினர்கள் ஏழு பேர். செயலாளர் தேன்மொழி.

தேன்மொழிக்கு முப்பத்தாறு வயது. பதினோரு வருடமாகச் சரக்குப் பத்திரங்கள் தயாரிக்கும் பிரிவில் இருந்தாள். கொள்கலன் எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் அவள் கண்ணில் பட்டுவிடும். அவளைப் பற்றி அலுவலகத்தில் பலருக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. தன் பழைய மைவி காரை எடுத்துக்கொண்டு நான்கு முறை செப்பாங் கார்ப் பந்தய ஓட்டப்பாதைக்குப் போய், ஹெல்மெட் போட்டுச் சுற்றி வந்திருக்கிறாள். பந்தயம் அல்ல, பரிசும் கிடையாது. சாலையில் ஓட்டக்கூடாத வேகத்தில் ஒரு தரம் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படும் சாதாரண ஆட்களுக்காக நடத்துகிற ‘டிராக் டே’. போன வருடம் அவள் தம்பி ஈப்போவுக்கு வேலை மாறிப் போனபோது மைவியும் அவனோடு போய்விட்டது. அதற்குப் பிறகு தேன்மொழிக்கு பஸ்தான்.

இந்த நிலையில்தான் ஜனவரியில் கோலாலம்பூரிலிருந்து ஒரு நிபுணர் வந்து, ‘வேகத் தலைமைத்துவம்’ என்ற பொருளில் மூன்று மணி நேரம் மெதுவாகப் பேசினார். ஓட்டப்பாதையில் கார் ஓட்டிப் பழகும் ஊழியர்கள் அலுவலகத்திலும் சட்டென்று முடிவெடுப்பார்களாம். இதைக் கேட்டு நிர்வாக இயக்குநர் முத்துவீரப்பன் மெய்மறந்தார். முத்துவீரப்பன் நிதானத்துக்குப் பேர் போனவர். இருபது வருடமாக ஒரே டையைக் கட்டுகிறார். அதை மாற்றலாமா என்பது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

“நம்ப ஊழியர் கழகத்துக்கு ஒரு விளையாட்டுக் கார் வாங்குறோம்,” என்று அறிவித்தார். “புதுசு வேணாம். பழசா, நல்லதா, கட்டுப்படியாகிற விலையில ஒன்னு. மே மாசம் செப்பாங்ல ஓட்டுறோம். ஆளுக்கு ரெண்டு சுத்து.”

தேன்மொழி கூட்டக் குறிப்பில் ‘செப்பாங்’ என்ற சொல்லின் அடியில் இரண்டு கோடு போட்டாள்.

ஒரே வாரத்தில் காரைக் கண்டுபிடித்துவிட்டாள். பாலத்துக்கு அக்கரையில் பிறை என்ற ஊரில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருந்தது முஸ்தஃபாவின் பட்டறை. பழைய கார்களை வாங்கிப் பழுது பார்த்து விற்கிறவர். அங்கே லாரி டயர்களுக்கு நடுவில் மஞ்சள் நிறத்தில் நின்றது. இரண்டு கதவு, கையால் போடுகிற கியர், பதினேழு வயது.

“ஏசி வேல செய்யாது தங்கச்சி,” என்றார் முஸ்தஃபா. “பின்சீட்டும் கழட்டியாச்சு. அதனாலதான் இந்த வில.”

“இந்தக் காரு அடி வாங்குன காடியா அண்ணே?”

“பம்பர் மட்டும் மாத்திருக்கு. நான் சொல்றத நம்பாத. கீழ படுத்துப் பாரு.”

தேன்மொழி ஓர் அட்டையை விரித்துப் படுத்துப் பார்த்தாள். துரு இல்லை. வெட்டி ஒட்டிய தடமும் இல்லை. எஞ்சின் எண்ணெயை விரலில் தொட்டு வெளிச்சத்தில் பிடித்தாள். பிரேக் தட்டுகளைத் தடவினாள். பிறகு ஓட்டினாள். ஏசியும் பின்சீட்டும் இல்லாத அந்தக் கார் தாள் போல இலேசாக இருந்தது. இவள் திரும்ப நினைப்பதற்கு முன்பே அது திரும்பியிருந்தது. அந்த விலைக்கு வாங்கினால் நல்ல டயருக்கும் பிரேக் கட்டைக்கும் மிச்சம் இருக்கும். பட்டறைக்குத் திரும்பி வந்து எஞ்சினை அணைத்த பிறகும் ஸ்டீயரிங்கை விட மனம் வரவில்லை.

“ஒனக்காக மூனு வாரம் வச்சிருக்கேன்,” என்றார் முஸ்தஃபா. “அதுக்கு மேல யாராவது வந்து கேட்டா குடுத்துருவேன் லா.”

மூன்று வாரம். ஏழு அறிவாளிகளுக்கு அது தாராளம் என்று தேன்மொழி நம்பினாள். முப்பத்தாறு, இளம் வயதுதானே.

முதல் கூட்டத்தில் அவள் படங்களைக் காட்டினாள். மனிதவளப் பிரிவுத் தலைவி காமாரியா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“ரெண்டு சீட்டுதானா?”

“ஆமாக்கா. ஓட்றவங்க ஒருத்தர், பக்கத்துல ஒருத்தர்.”

“நம்ப ஆபீஸ்ல நாப்பத்து மூனு பேரு. ரெண்டு பேரு உள்ள, நாப்பத்தோரு பேரு வெளிய. இது பாகுபாடு இல்லையா?”

உலகத்தில் எந்த விளையாட்டுக் காரும் இந்தக் கோணத்திலிருந்து பார்க்கப்பட்டதில்லை. ‘வேகம் அனைவருக்கும் சமம்’ என்ற கொள்கை அன்று ஏற்கப்பட்டது. கூடுதல் இருக்கைகளை ஆராய ஒரு துணைக்குழுவும் உண்டாயிற்று.

இரண்டாவது வாரம் குழு நேரிலேயே பிறைக்குப் போனது. முத்துவீரப்பன் காரைச் சுற்றி இருமுறை வலம் வந்தார். பிறகு ஒரு காலை உள்ளே விட்டு, தலையைக் குனிந்து, ஒரு பெருமூச்சோடு ஓட்டுநர் இருக்கையில் இறங்கினார். இறங்கினார் என்பதுதான் சரி. தரைக்கும் அவருக்கும் இடையில் ஒரு சாண்தான் இருந்தது.

“நல்லாருக்கு,” என்றார். முகத்தில் ஒரு சின்னப் பையனின் சிரிப்பு வந்து போனது. தேன்மொழி அதைப் பார்த்தாள். வண்டி கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தாள்.

அப்புறம் அவர் எழுந்திருக்க முயன்றார்.

முதலில் இடது பக்கம் சாய்ந்து பார்த்தார். பிறகு வலது பக்கம். பிறகு, தான் எழுந்திருக்கவே முயலாதது போல டேஷ்போர்டைக் கவனமாக ஆராய்ந்தார். பாதுகாப்பு அதிகாரி அழகு அவர் கையைப் பிடித்து இழுத்தார். முஸ்தஃபா பின்பக்கமாகப் போய்த் தோளைத் தூக்கினார். பட்டறைக்காரர்கள் இரண்டு பேர் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு வந்து சேர்ந்தார்கள். ஒரு வழியாக இயக்குநர் வெளியே வந்தார். ஒரு செருப்பு மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அந்த அலுவலகத்தின் ஒழுக்கம். “அவசர காலத்தில் வெளியேறும் வசதி போதாது,” என்று எழுதிக்கொள்ளும்படி அழகு தேன்மொழியிடம் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள்.

மூன்றாவது கூட்டத்தில் கியர் பற்றிய விவாதம். கையால் கியர் போடத் தெரிந்தவர் அலுவலகத்திலேயே தேன்மொழி ஒருத்திதான் என்று தெரிய வந்தது.

“அப்ப இந்தக் காடி ஒருத்தருக்கு மட்டும் சாதகமா இருக்கு,” என்றார் காமாரியா, வருத்தத்தோடு.

“நான் எல்லாருக்கும் சொல்லித் தரேங்க்கா. ஒரு ஞாயித்துக்கெழம போதும்.”

“அதுக்கு ஒரு பயிற்சித் திட்டம் வேணும். திட்டத்துக்கு ஒரு ஒப்புதல் வேணும். ஆட்டோ கியர்னா இது ஒன்னுமே வேணாம்.”

“சார், மூனு வாரம் இன்னையோட முடியுது,” என்று தேன்மொழி முத்துவீரப்பனைப் பார்த்தாள். “இன்னைக்கு முடிவு பண்ணலன்னா அவரு வேற ஆளுக்குக் குடுத்துருவாரு.”

முத்துவீரப்பன் டையைத் தடவிக்கொடுத்தார். “வேகத்தைப் பத்தி அவசரப்பட்டு முடிவெடுக்கக் கூடாதும்மா,” என்றார் கனிவாக. எல்லாரும் தலையாட்டினார்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பொட்டலம் கட்டி வந்திருந்த நாசி கண்டார் சோறும் கறியும் பரிமாறப்பட்டன. மீன் தலைக் கறி யாருக்கு என்பதில் மட்டும் தாமதமே இல்லை.

மறு வாரம் தேன்மொழி போன் போட்டபோது முஸ்தஃபா தயங்கினார். “நேத்துதான் போச்சு தங்கச்சி. நான் நாலு நாள் கூடவே வச்சிருந்தேன்.”

“பரவால்லண்ணே,” என்றாள். அன்று பஸ்ஸில் தன் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டு நடந்து திரும்பினாள்.

குழு மட்டும் சளைக்கவில்லை. கார் போனது ஒரு விதத்தில் வசதியாகவும் போயிற்று; எதிரே ஒரு கார் இல்லாதபோது கொள்கைகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன. முதலுதவிப் பெட்டிக்கும், கழகப் பதாகைக்கும், சாப்பாட்டுக்கும் இடம் வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் முடிவானது. வேறொன்றில், காலநிலையைக் கருதி ஏசி கட்டாயம் என்றானது. படி உயரம், கைப்பிடி, வெயில் திரை எல்லாம் வந்து சேர்ந்தன. பதினான்காவது வாரம், எல்லா நிபந்தனைகளையும் நிறைவு செய்யும் அந்த விளையாட்டுக் கார் வாங்கப்பட்டது.

எட்டு இருக்கை. ஆட்டோ கியர். சாய்வு நாற்காலி வசதி. முன்பு ஒரு பாலர் பள்ளிக்கு ஓடிய வேன். பின்கண்ணாடியில் ஒரு முயல் படம் உரிக்க வராமல் நின்றுவிட்டது. வேனின் நடுவில் இரண்டு கறுப்புக் கோடுகளை ஒட்டி அதைப் ‘பந்தயத் தோற்றத்துக்கு’ உயர்த்தினார்கள்.

மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை, வேன் செப்பாங் வாசலில் போய் நின்றது. ஏழு பேரும் இறங்கினார்கள். வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரி முயலைப் பார்த்தார், கோடுகளைப் பார்த்தார், தேன்மொழியைப் பார்த்தார்.

“சாப்பாடு கொண்டாந்தவங்க அந்தப் பக்கம் நிறுத்துங்க,” என்றார்.

விளக்கம் சொல்ல அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில், மதிய இடைவேளையில் எல்லா வண்டிகளும் வழிகாட்டிக் காரின் பின்னால் வரிசையாக ஒரே ஒரு சுற்று போகலாம், அதில் மட்டும் கலந்துகொள்ளுங்கள் என்று மனமிரங்கினார்.

தேன்மொழி வேலியோரம் போய் நின்றாள். நேர்ப்பாதையில் மஞ்சளாக ஒன்று விரைந்து வந்து, வளைவுக்கு முன் அழகாகப் பிரேக் பிடித்து, வழுக்கிக்கொண்டு திரும்பியது. அவள் பார்வை அதை விட்டு விலகவே இல்லை. அது உள்ளே வந்து நின்றதும் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு ஒரு பெண் இறங்கினாள். பட்டர்வொர்த்தில் மருத்துவமனைத் தாதியாக வேலை பார்க்கும் இஸ்ஸதி.

“முஸ்தஃபா அண்ணன்கிட்ட வாங்குனதுதானே?” என்று கேட்டாள் தேன்மொழி.

“ஆமாக்கா. யாரோ ஒரு அக்கா அடியில படுத்து ஒவ்வொன்னாப் பாத்துட்டு, எல்லாம் நல்லாருக்குன்னு சொன்னாங்களாம். அத நம்பித்தான் வாங்கிட்டேன்.”

“யோசிக்க எத்தன நாள் எடுத்தீங்க?”

“ஒரு கிளாஸ் தே தாரிக் குடிச்சு முடிக்கிற வரைக்கும்.”

தேன்மொழி சிரித்துவிட்டாள். அந்த அக்கா யார் என்று சொன்னாள். இஸ்ஸதி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கையிலிருந்த சாவியை ஆட்டினாள். “சாயங்காலம் ரெண்டு சுத்து நீங்க ஓட்டுங்க. ஒங்க காடிதானேக்கா.”

மதியம் வேன் புறப்பட்டது. ஸ்டீயரிங்கில் தேன்மொழி. பக்கத்தில் முத்துவீரப்பன், ஹெல்மெட்டோடும் டையோடும். பின்னால் ஐந்து பேர். காமாரியாவின் மடியில் எல்லாருக்குமான நாசி கண்டார். முதல் வளைவிலேயே அழகு மெதுவாகப் போகச் சொன்னார். இரண்டாவதில் காமாரியா இடது பக்கம் வாகாக இருக்கும் என்றார். அதற்குள் முன்னால் போன வரிசை கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. நேர்ப்பாதையில் கொடி பிடித்து நின்றவர், இடைவெளியைக் குறைக்கும்படி கையை வேகமாகச் சுழற்றினார்.

“போகச் சொல்றாங்க சார்,” என்றாள் தேன்மொழி.

“இந்த வேகம் போதுமான்னு எல்லார்கிட்டயும் கருத்து கேட்டுட்டு...” என்று முத்துவீரப்பன் தொடங்கினார்.

அவள் மிதித்தாள். பாலர் பள்ளி வேன் ஒரு கணம் யோசித்துவிட்டு உறுமியது. பதாகை பறந்து அழகின் முகத்தை மூடியது. நாசி கண்டார் காமாரியாவின் மடியைவிட்டு வேறொரு மடிக்கு இடம் மாறியது. வளைவு அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. தேன்மொழி அதற்காகவே பதினான்கு வாரம் காத்திருந்தவள் போல, சரியான இடத்தில் பிரேக் பிடித்து, சரியான இடத்தில் விட்டு, வேனைத் திருப்பினாள். அந்த நேரத்தில்தான் ஆறு குரலும் ஒன்றாக எழுந்தன: “நிறுத்து!”

ஓட்டப்பாதையில் நிறுத்துவது விதிப்படி தவறு என்பதால் அவள் நிறுத்தவில்லை.

அன்று மாலை மஞ்சள் கார் இரண்டு சுற்று போனது. அதைப் பற்றிக் குறிப்பில் எதுவும் இல்லை. அது குழுவின் வேலை அல்ல.

திங்கட்கிழமை காலை முத்துவீரப்பன் கூட்டக் குறிப்பை வாசித்தார். ‘தீர்மானம்: வண்டியை நிறுத்துவது. முன்மொழிந்தவர்: அனைவரும். வழிமொழிந்தவர்: அனைவரும். செயலாளர் வாக்களிக்கவில்லை, ஸ்டீயரிங் பிடித்திருந்தார். துணைக்குழு: இல்லை. எடுத்துக்கொண்ட நேரம்: ஒரு வினாடி.’

“இதெல்லாம் எழுதணுமாம்மா?” என்றார், மெல்லிய குரலில்.

“எழுதணும் சார்,” என்றாள் தேன்மொழி, உண்மையான பணிவோடு. “ஒங்க எல்லாராலயும் ஒரே வினாடியில முடிவெடுக்க முடியுது. பதினாலு வாரமா நான்தான் ஒங்களத் தப்பா நெனச்சிட்டேன்.”