மணி அடித்தால் மூச்சு விடக் கூடாது

அன்பும் பாசமும் நிறைந்த தங்கச்சிக்கு, உன் அண்ணன் தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது. இங்கே மகன், மருமகள், பேத்தி, நான் எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அதைவிட ஒரு படி கூடுதலாகச் சுகமாக இருக்க வேண்டும். ஆமாம், என் கையேதான்! நூலகத்தில் பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்பில் படித்தேன். லாரி ஓட்டிய காலமெல்லாம் ஊர்ப் பலகையை அடுத்தவனை வாசிக்கச் சொல்லிப் போனவன், இன்று உனக்குக் கடிதம் எழுதுகிறேன் பார். 'ஞ' எழுதும்போது மட்டும் நாக்கு வெளியே வந்துவிடுகிறது. காலையில் உட்கார்ந்தேன், காபி ஆறி ஆடை கட்டிவிட்டது, போகட்டும்.

இந்தத் தெருவைப் பற்றிச் சொல்கிறேன் கேள். ஒவ்வொரு வீடும் பள்ளிக்கூடம் அளவு பெரிது, ஆனால் ஒரு குரல் கேட்காது. யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்பதுதான் இங்கே வேதம். பிள்ளைகளுக்கும் பாலோடு அதைத்தான் புகட்டுகிறார்கள். நம் பேத்தி தங்கமான பிள்ளை. தண்ணீர் கொடுத்தால் நன்றி, டம்ளரை வாங்கினால் நன்றி. "ஒரு நாளாவது என்கூடச் சண்டை போடேன்டி" என்றேன். "மன்னிச்சுக்கோங்க தாத்தா, நீச்சல் கிளாஸ் இருக்கு" என்று போய்விட்டாள். பேச ஆளில்லாமல் என் வாய் துருப்பிடித்துவிட்டது. எதிர்வீட்டு மாடி ஜன்னலில் என் வயதில் ஒரு வழுக்கைத் தலை தெரியும். சரி, அவராவது பேசுவார் என்று ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உப்பு கேட்கப் போனேன். மணியை அடித்தால் கதவு திறக்கவில்லை, சுவர் பேசியது. "என்ன வேணும்?" என்று ஒரு பெண் குரல். "கொஞ்சம் உப்பும்மா." "சொல்லிட்டு வந்தீங்களா?" உப்பு வாங்க யார்கிட்டச் சொல்லிட்டு வர்றது? பயத்தில் கிண்ணத்தைப் படியிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தேன். அதற்குள் தெருக்காரர்களின் போன் எல்லாவற்றிலும் என் படம். 'கிண்ணத்துடன் ஒரு முதியவர் நடமாட்டம், கவனம்' என்று எழுதியிருந்தது. நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன், அந்தப் பெருமையில் கோபம்கூட வரவில்லை!

மகனுக்குத்தான் முகம் செத்துப்போனது. "ஏம்ப்பா, நம்ம வீட்ல ரெண்டு பாக்கெட் உப்பு இருக்கே!"

"உப்பு இருக்குடா. ஆளுதான் இல்ல."

பேத்திதான் எனக்குப் புத்தி சொன்னாள். இந்த வீட்டில் மணி அடித்தால் சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, வந்தவர் போகும்வரை மூச்சு விடக் கூடாதாம். அம்மாவும் அப்படித்தான் செய்வாளாம். இப்படியே வளர்ந்தால் நாளைக்கு இவள் கதவை யார் தட்டுவார்கள், இவள்தான் யார் கதவைத் தட்டுவாள்? போதுமம்மா. வரும் சனிக்கிழமை மாப்பிள்ளையை அனுப்பு, நான் உன் வீட்டுக்கே வந்துவிடுகிறேன். ஒரு மூலையும் உன் வாய்ச்சண்டையும் போதும்.

உனக்கும் பிள்ளைகளுக்கும் நோய் நொடி அண்டாமல் இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு, கையெழுத்தும் போடத் தெரிந்த உன் அண்ணன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மணி அடித்தது. பள்ளி விட்டு வந்திருந்த பேத்தி பறந்து வந்து என்னைச் சோபாவுக்குப் பின்னால் இழுத்தாள். திரைச்சீலை இடுக்கில் பார்த்தால், வாசலில் எதிர்வீட்டு வழுக்கைத் தலை! கையில் என் கிண்ணம், நிறைய உப்பு. 'வாங்க, வாங்க' என்று தொண்டைவரை வந்துவிட்டது. பேத்தி என் கையை இறுக்கிப் பிடித்து, தோளில் தலை சாய்த்து, "மூச்சு விடாதீங்க தாத்தா" என்றாள். நான் இங்கே வந்ததிலிருந்து அவள் இவ்வளவு நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. நான் மூச்சு விடவில்லை. அந்த மனிதர் வெகுநேரம் நின்றார், பிறகு கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனார். "சூப்பர் தாத்தா!" என்று என் முதுகில் தட்டிவிட்டு இவள் பியானோ வகுப்புக்குக் கிளம்பிவிட்டாள். மாப்பிள்ளையை அனுப்பாதே. மீறி வந்தாலும் மணி அடிக்க வேண்டாம் என்று சொல், திறக்க மாட்டோம். சோபாவுக்குப் பின்னால்தான் இருப்போம்.