எண்பத்து நான்கு லட்சத்தில் ஒன்று குறைவு

கம்பாத்,
பாத்ரபத சுக்ல பஞ்சமி, காலை பத்து மணி

அன்புள்ள பரினுக்கு உன் சித்தப்பா ரசிக்லால் ஜெய் ஜினேந்திரா சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் சித்தி கோகிலாவும் சுகம். பெங்களூரில் நீயும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும். நேற்று சம்வத்சரி. மனத்தாலும் சொல்லாலும் யாரையெல்லாம் நோகடித்தோமோ அவர்களிடமெல்லாம் ‘மிச்சாமி துக்கடம்’ என்று மன்னிப்புக் கேட்கும் நாள் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எண்பத்து நான்கு லட்சம் உயிர்வகைகளையும் நேற்று மன்னித்துவிட்டேன். கொசுவும், என் பஞ்சாங்கத்தின் மேல் எச்சமிட்ட புறாவும் அதில் அடக்கம். உன் கம்பெனியை மட்டும் மன்னிக்க முடியவில்லை.

யார் போனில் எந்த விளம்பரத்தை எப்போது காட்டுவது என்று முடிவு செய்வதுதான் உன் உத்தியோகம் என்று தீபாவளிக்கு வந்தபோது சொன்னாய். “நாங்க யார் வீட்டுக்குள்ளயும் நுழையலை சித்தப்பா, அவங்களே சம்மதம்னு அழுத்துறாங்க” என்றும் சொன்னாய். ஆமாம், அழுத்தினேன். அழுத்தாவிட்டால் சூரியன் எப்போது மறையும் என்று அந்தப் பஞ்சாங்கச் செயலி சொல்ல மாட்டேன் என்றது. பொழுது சாய்ந்தபின் தண்ணீர்கூடக் குடிக்காதவன் வேறு என்ன செய்வான்? உபவாசத்துக்கு முந்தின மாலை, கிச்சடித் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அஸ்தமன நேரம் பார்த்தேன். நேரத்தின் மேல் ஒரு மெத்தை வந்து படுத்துக்கொண்டது. அதை மூடும் பெருக்கல் குறி ஈர் அளவு. அதைத் தொட்டால் மெத்தைக் கடை திறந்தது, கடையை மூடினால் தலையணைக் கடை திறந்தது. எல்லாவற்றையும் விரட்டிவிட்டு நிமிர்ந்தால், சூரியன் போய் நாலு நிமிஷம் ஆயிற்று என்றாள் உன் சித்தி. கிச்சடி பசுவுக்குப் போயிற்று.

எட்டு நாள் வெறும் காய்ச்சிய தண்ணீரில் இருக்கும்போது மயக்கம் வராமலிருக்க என்ன வழி என்று மறுநாள் போனில் தேடிக் கேட்டேன். பசித்த ஆள் ஒருவன் கிடைத்துவிட்டான் என்று உங்கள் எந்திரம் புரிந்துகொண்டது. அன்றிலிருந்து, மண்ணுக்கடியில் விளைந்ததை வாயில் வைக்காத இந்தச் சமண வீட்டுக்கு, பூண்டு போட்ட உருளைக்கிழங்கு வறுவல் மணிக்கொரு தரம் ஆவி பறக்க வந்துகொண்டிருந்தது. தபாலாபீசில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன் மகனே, திறந்து கிடந்த கார்டைக்கூடப் படித்ததில்லை. சரி, படித்திருக்கிறேன். ஆனால் கார்டில் இருமல் என்று கண்டால், கஷாயம் விற்க அந்த வீட்டு வாசலில் போய் நின்றதில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். இன்று காலை நடந்ததைக் கேள். உன் அப்பாவும் நானும் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. முற்றத்துச் சுவரை ஒரு முழம் அவர் வீட்டுப் பக்கம் தள்ளிக் கட்டியது நான்தான். அண்ணனிடம், என் மோட்டாபாயிடம், மன்னிப்புக் கேட்ட பிறகே உபவாசத்தை முடிப்பது என்று இந்த முறை உறுதி எடுத்துக்கொண்டேன். காகிதத்தில் எழுதினால் உன் சித்தி படித்துவிடுவாள் என்று, யாருக்கும் தெரியாமல் இருக்கட்டுமென போனில் எழுதினேன். என் புத்தியைப் பார். அண்ணன், சுவர், என் தப்பு என்று மூன்று நாள் எழுதி எழுதி அழித்தேன். காலையில் போய்க் கதவைத் தட்டினேன். திறந்தார். கிழவராகிவிட்டார் பரின். எழுதி வைத்ததைப் போனைப் பார்த்தே படித்துவிடலாம் என்று எடுத்தேன். ‘மோட்டாபாய்’ என்ற முதல் வார்த்தைக்குள், கறுப்புக் கோட்டுப் பெண் ஒருத்தி திரை முழுக்க எழுந்து நின்று சந்து அதிரப் பேசினாள்: “அண்ணன் உங்கள் இடத்தை வளைத்துவிட்டாரா? விடாதீர்கள். இன்றே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்.”

“மன்னிப்புக் கேக்க வக்கீலையும் கூட்டிட்டு வந்தியா?” என்று கேட்டுவிட்டு உன் அப்பா கதவைச் சாத்திவிட்டார்.

ஒன்பதாம் நாளும் வெறும் வயிற்றோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உபவாசம் முடிக்க வைத்த பயத்தம்பருப்புத் தண்ணீரை உன் சித்தி மூன்றாம் தடவையாகச் சூடு பண்ணுகிறாள். நீ அந்த வேலையை இன்றே விட்டுவிட வேண்டும். விடும்வரை எண்பத்து நான்கு லட்சத்தில் ஒன்று குறைவாகவே மன்னித்திருப்பேன். குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். உன்னை நான் நோகடித்திருந்தால் மிச்சாமி துக்கடம்.

இப்படிக்கு,
பசியோடு,
ரசிக்லால் சித்தப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது உன் அப்பா வந்துவிட்டார். கதவைச் சாத்திய கையோடு உனக்குப் போன் செய்தாராமே. உன் சித்தி மூன்று வருடம் முன்பே எங்கள் வை-ஃபை கடவுச்சொல்லை ரகசியமாக உன் அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறாள். ஒரே வை-ஃபையில் இருப்பவர்களை உங்கள் எந்திரம் ஒரே வீடு என்று எண்ணிக்கொண்டு, ஒருவர் தேடுவதற்கும் எழுதுவதற்கும் ஏற்ற விளம்பரத்தை எல்லாருக்கும் காட்டும் என்று நீ சொன்னாயாம்.

“மூணு வருஷமா உன் முட்டிவலித் தைலம் எனக்கு வருதுடா,” என்றார். “எட்டு நாளா உருளைக்கிழங்கு வறுவல். மூணு நாளா அந்த வக்கீலம்மா. நீ நோட்டீஸ் அனுப்பப் போறேன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். நீ மன்னிப்பா எழுதிக்கிட்டு இருந்தே?”

படித்துக் காட்டப் போனை எடுத்தேன். “அதை வச்சிட்டு வாயால சொல்லு” என்றார். சொன்னேன். அழுதுவிட்டேன். பருப்புத் தண்ணீரை அவர் கையாலேயே புகட்டினார். பதினோரு வருடமாக நடுவில் சுவர் இருப்பது உங்கள் எந்திரத்துக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. எனவே ராஜினாமாவை இப்போதைக்கு நிறுத்தி வை.

ஆனால் மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. என் முட்டிவலி அண்ணனுக்குத் தெரிந்தது சரி, அண்ணன் அல்லாத எத்தனை பேருக்குத் தெரியும்? சுவரை இடித்துவிடலாமா என்று இருவரும் பேசிக்கொண்டிருக்கிறோம். போன்கள் இரண்டையும் அடுத்த வீட்டில் வைத்துவிட்டுத்தான் பேசுகிறோம். காதில் விழுந்தால் கடப்பாரை விற்க வந்துவிடும்.