பொதுநலம் விரும்பியின் மாடிப்படி

சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கியவன் நான். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகன். மற்றவர்கள் செய்து கொண்டுவந்து வைக்கும் இரும்பு உருப்படிகளை அளந்து பார்த்து, மயிரிழை பிசகினாலும் சிவப்புப் பெயின்டைத் தடவித் திருப்பி அனுப்ப வேண்டும். காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை எவரையும் நம்பக் கூடாது என்பது அங்கே விதி. ஐந்து மணிக்கு மேலும் நம்பாமல் இருந்தது என் சொந்த முயற்சி.

இப்போது எனக்கு எண்பதை நெருங்கும் வயது. அந்தச் சொந்த முயற்சியால் பக்கத்து வீட்டுக்காரருக்கு நான் செய்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சிரிக்கலாம். எங்கள் வீட்டில் முப்பது வருடத்துக்கு மேலாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எண்பதுகளின் கடைசி. வெள்ளானூர்ப் பக்கத்தில் வயலை மனை போட்டு விற்றார்கள். குவார்ட்டர்ஸ் வாழ்க்கை அலுத்துப்போய் நான் முதல் ஆளாக வீடு கட்டிக் குடிபோனேன். இரண்டு வருடம் கழித்துப் பக்கத்து மனையில் வீடு கட்டி வந்தவர் லூர்துசாமி. எங்கள் தொழிற்சாலையிலேயே ஃபிட்டர். பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவர். எப்போது பார்த்தாலும் சிரிப்பார். (காரணமில்லாமல் சிரிக்கிறவனைக் கவனி என்பது என் அன்றைய கொள்கை.)

ஒருநாள் அவர் வீட்டு வாசலில் செங்கல் இறங்கியது. மறுநாள் ஜல்லி. அதற்கு அடுத்த நாள் அவரே ஒரு தட்டில் கேக் துண்டுகளோடு வந்தார்.

"ஸ்டெல்லாவுக்குக் கண்ணாலம் முடிவாயிடுச்சு சார். மாப்ள ஏர்ஃபோர்ஸ்ல கீறாரு. அவருக்கு இன்னும் குவார்ட்டர்ஸ் கெடைக்கல. அதான் மேல ஒரு ரூம்பு எடுத்து, ரெண்டு பேரையும் இங்கயே வச்சிக்கலாம்னு. ஒரு மாசம் சத்தமா கீதும். கோச்சிக்காதீங்க."

ஸ்டெல்லா அவருடைய ஒரே மகள். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். நான் கேட்கவில்லை. கேக்கைத் தின்றுகொண்டே யோசித்தேன். ஓர் அறைக்கு எதற்கு இத்தனை செங்கல்? லாட்ஜ் கட்டுகிறாரோ? ஆவடி ராணுவ முகாமுக்கு வந்துபோகும் ஆட்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விட்டால்? மாடி ஜன்னல் எங்கள் கொல்லையைப் பார்த்து வருமோ? ஒரு ஃபிட்டர் மாடி கட்டுகிறார், பரிசோதகனான எனக்கு இன்னும் மொட்டை மாடிதானே? (கடைசிக் கேள்விதான் மற்ற எல்லாவற்றுக்கும் தாய் என்பது இப்போது தெரிகிறது.)

"கேக் எதுக்குக் குடுத்தார்னு நினைக்கிறே?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"திங்கிறதுக்குத்தான்" என்றாள் கோமதி.

இன்னொரு விஷயமும் என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. லூர்துசாமி தன் வீட்டுக்கும் எங்கள் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் உள்ள சந்தில் போகும்போதெல்லாம் முதுகைச் சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில், நண்டு மாதிரி நகர்ந்து போவார். நேர்மையான மனிதன் எதற்கு நண்டு மாதிரி போக வேண்டும்? எங்கள் சுவரில் என்ன தேடுகிறார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குடும்பத்தோடு பூசைக்குப் போன நேரம் பார்த்து, எஃகு டேப்போடு சுவர் ஏறிக் குதித்தேன். குதித்த இடத்தில் ஈரச் சிமெண்டு இருந்தது. ஒரு செருப்பு அங்கேயே தங்கிவிட்டது. பரவாயில்லை, உண்மைக்கு விலை உண்டு என்று ஒற்றைச் செருப்போடு அளந்தேன். பக்க எல்லையிலிருந்து மூன்றடி காலியாக விட்டுத்தான் வீடு கட்ட வேண்டும் என்பது எங்கள் ஊராட்சியின் விதி. அவர் வீட்டுச் சுவருக்கும் எங்கள் காம்பவுண்டுக்கும் இடையில் இருந்தது சரியாக ஒன்றரை அடி. மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் ஒன்றரை.

என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் சுவர் ஏறியதில்லை.

"பாத்தியா? திருட்டுத்தனமா ஒன்றரை அடி தள்ளிக் கட்டியிருக்கார்!"

"உங்க செருப்பு எங்கே?" என்றாள் கோமதி.

அன்று மாலையே ஊராட்சி மன்றத் தலைவருக்கு மனு எழுதினேன். பெயர் போடவில்லை. 'பொதுநலம் விரும்பி' என்று முடித்தேன். கையெழுத்தைக்கூட இடப்பக்கம் சாய்த்து மாற்றி எழுதினேன். வார்த்தையால் மட்டும் சொன்னால் புரியாது என்று, தனித்தாளில் பென்சிலும் ஸ்கேலும் வைத்து வரைபடமும் போட்டேன். வடக்கு எது என்று அம்புக்குறி, அளவுக் கோடுகள், குறைகிற ஒன்றரை அடிக்குச் சிவப்பு மை. தொழிற்சாலையிலிருந்து வெளியே போகிற எந்தப் படமும் அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

நான்காம் நாள் லூர்துசாமி வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. மன்றக் கூட்டத்தில் முடிவாகும் வரை மாடி வேலையை நிறுத்த வேண்டும். அப்போது கம்பி கட்டி, சென்டரிங் பலகை அடித்து, தளம் போடத் தயாராக இருந்தது. மறுநாள் வர வேண்டிய ஆட்கள் வரவில்லை. தெருவே அமைதியாகிவிட்டது. எனக்குள் மட்டும் ஏதோ வாத்தியம் வாசித்தது.

அன்று மாலை லூர்துசாமி வந்தார். முதல் முறையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. தெரிந்துவிட்டது, அடிக்கத்தான் வருகிறார் என்று நாற்காலிக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"சார், எவனோ மொட்டப் பெட்டிஷன் போட்டுட்டான் சார். கோயில்ல கண்ணாலத்த அறிவிக்கிற மொத ஓல வாசிச்சாச்சு. வர்ற ஞாயித்துக்கெழம ரெண்டாவது, அதுக்கு அடுத்த ஞாயிறு மூணாவது ஓல. ரூம்பு ரெடின்னு சொல்லித்தான் மாப்ள ஊட்ல நாள் குறிச்சாங்க. இப்போ தள்ளி வச்சா, பொண்ணுகிட்ட ஏதோ கொறன்னு தானே ஊர் பேசும்?" என்றவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ரூல்ஸ் பேச வராது. நீங்க படிச்சவரு. கூட்டத்துக்கு எங்கூட வந்து நாலு வார்த்த சொல்லுங்க சார்."

அந்தக் கையை உதறிவிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: "கண்டிப்பா வரேன்."

அவர் போனதும் கோமதி என்னையே பார்த்தாள். "பொதுநலம் விரும்பி காபி குடிக்கிறாரா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

கூட்டம் ஊராட்சி அலுவலகத்தில். மேசைக்குப் பின்னால் தலைவர், இரண்டு பக்கமும் உறுப்பினர்கள். எதிரே பெஞ்சில் லூர்துசாமி, அவரை ஒட்டி நான். (மனுதாரரும் எதிர்மனுதாரரும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்த வழக்கு வேறெங்கும் நடந்திருக்காது.) தலைவர் உள்ளூர்க்காரர், வாயில் எப்போதும் வெற்றிலை. மனுவை முழுக்கச் சத்தமாகப் படித்தார். பிறகு படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இன்னாமா வரைஞ்சிகீறாம்பா! மொட்டப் பெட்டிஷன்ல இப்படி ஒரு படம் நான் பாத்ததே இல்ல. வடக்கு வேற காட்றான், நாம தொலைஞ்சி போயிடுவோம்னு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் அதிகமாகவே.

"இரு, இரு. கீழ மூலைல ஒரு பெட்டி போட்டுக்கீது. வரைந்தவர் பா.ச. சரிபார்த்தவர் பா.ச." தலைவர் நிமிர்ந்தார். "யாருப்பா இந்த பா.ச.?"

எங்கள் தொழிற்சாலையில் வலது மூலைப் பெட்டியில் இரண்டு கையொப்பம் இல்லாமல் ஒரு படமும் மேசையை விட்டு நகராது. வருடக்கணக்கான பழக்கம். கையெழுத்தைச் சாய்த்தேன், பெயரை மறைத்தேன், கடைசியில் என்னை அறியாமல் கை தன் வேலையைச் செய்துவிட்டது. என் பெயர் பா. சங்கரலிங்கம்.

லூர்துசாமி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். தொழிற்சாலையில் பா.ச. என்று நான் கையொப்பமிட்ட தாள்கள் எத்தனையோ அவர் கைக்குப் போயிருக்கின்றன. அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டு, "யாரா இருந்தா இன்னா தலைவரே, அளந்து பாத்துடுங்க" என்றார்.

நாலு வார்த்தை சொல்ல வந்த நான் தலைவரைப் பார்த்து அவசரமாகத் தலையாட்டினேன்.

இரண்டு நாள் கழித்து சர்வேயர் வந்தார். கூடவே தலைவரும் வந்தார். (படம் வரைந்தவனைப் பார்க்கிற ஆசை என்று நினைக்கிறேன்.) சர்வேயர் எங்கள் காம்பவுண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சுவர் யார் வேணா கட்டலாம். கல் எங்கே?" என்றார். மனை போடும்போது ஒவ்வொரு மனையின் மூலையிலும் எல்லைக் கல் நட்டிருந்தார்கள். எங்கள் இரண்டு மனைக்கும் நடுவில் இருக்க வேண்டிய கல்லைக் காணவில்லை. புதரை விலக்கித் தேடினார்கள். நானும் குனிந்து தேடினேன்.

அப்போது லூர்துசாமி வீட்டு மேஸ்திரி கன்னியப்பன் எட்டிப் பார்த்தார். எனக்கு வீடு கட்டித் தந்தவரும் அவர்தான்.

"இன்னா சார் தேடுறீங்கோ?"

"எல்லைக் கல்லுய்யா."

"அதத்தானே சாரு மாடிப்படிக்கு மொதப் படியா போட்டுக்கினாரு!" என்றார் கன்னியப்பன், உதவி செய்துவிட்ட சந்தோஷத்தில். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே சாரு, கல்லு குறுக்கால கீதுன்னு. நீங்கதான் அந்தாண்ட காலி மனைதானே, புடுங்கிப் போடுன்னீங்க."

சொல்லியிருந்தேன். ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக்கு வெளியே மாடிப்படி வைத்ததில், நான் விட்டிருந்த மூன்றடியையும் படியே அடைத்துக்கொண்டது. கொல்லைக்குப் போக வழி வேண்டும். பக்கத்தில் புல் முளைத்த காலி மனை. சுவரை ஒன்றரை அடி தள்ளிப் போட்டேன். கல்லை வீணாக்க மனமில்லாமல் படியாக்கினேன். அன்று எனக்கு எல்லாம் தெரியும். பிறகு மறந்துபோனேன். சும்மா மறக்கவில்லை, தினமும் அந்தக் கல்லை மிதித்து மிதித்து மறந்தேன்.

கடப்பாரையால் முதல் படியைப் புரட்டினார்கள். கல்லின் அடிப்பக்கத்தில் மனை எண் பளிச்சென்று இருந்தது. தெரு முனையிலிருந்து சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்தார். லூர்துசாமி தன் பக்கம் விட்டிருந்தது சரியாக மூன்றடி. அதில் பாதியைத் தின்றது என் சுவர். அவரை நண்டாக்கியதும் அதே சுவர்தான்.

"உங்களுக்கு இது முன்னமே தெரியுமா?" என்று சர்வேயர் லூர்துசாமியிடம் கேட்டார்.

"ஊடு கட்டும்போதே தெரியும் சார். ஒன்றர அடிக்காண்டி போயி பக்கத்து ஊட்டாண்ட சண்ட போட்டுகினு, அப்பறம் எப்டி மூஞ்சில முழிக்கிறது? அதான் உட்டுட்டேன்."

தலைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னிடம் வந்தார். "பா.ச. சார், படம் ஃபஸ்ட் கிளாஸ். அளவுதான் கொஞ்சம் இடிச்சிக்கினு போச்சு."

மன்றம் முடிவெடுத்தது. லூர்துசாமியின் மாடி அறைக்கு அனுமதி. சங்கரலிங்கத்தின் சுவர் எல்லைக்குள் போக வேண்டும், மூன்றடியை அடைக்கும் மாடிப்படி இடிக்கப்பட வேண்டும். வெள்ளிக்கிழமை அங்கே தளம் போட்டார்கள். அதே நாளில் இங்கே படியை இடித்தார்கள். இரண்டுக்கும் மேஸ்திரி கன்னியப்பன்தான். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசித்தார்கள். குறித்த நாளில் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் நடந்தது. எங்கள் வீட்டுக்கு முதல் பத்திரிகை வந்தது. போனேன், கடைசி வரிசையில் உட்கார்ந்தேன், சாப்பிடாமல் எழுந்தேன். லூர்துசாமி வாசல் வரை ஓடிவந்து, தோளைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுபோய் உட்கார வைத்துத் தானே பிரியாணி வைத்தார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "துண்ணுங்க சார், பேசிக்கலாம்" என்றார். கடைசி வரை நாங்கள் அதைப் பேசவே இல்லை. அவர் போய்ச் சேர்ந்து ஏழு வருடமாகிறது. அந்தப் பாரம் என்னிடமேதான் இருக்கிறது.

எங்கள் வீட்டுக்குள் படி வைக்க இடமில்லை. மொட்டை மாடி தலைக்கு மேல் இருந்தது, போக வழியில்லை. ஒரு மாதம் கோமதி வத்தல் காயவைக்க இடமில்லாமல் என்னைக் காய வைத்தாள். லூர்துசாமி பார்த்தார். அவர் மாடிக்கும் எங்கள் மாடிக்கும் இடையில் ஆறடி. கைப்பிடி வைத்த இரும்புப் பாலம் ஒன்றைத் தானே வெல்டிங் செய்து போட்டுக் கொடுத்தார். "அளந்து பாருங்க சார், ரிஜெக்ட் பண்ணிடாதீங்க" என்றார். அளக்காமலே நடந்தேன். அந்தப் பாலத்துக்கு இன்றுவரை மன்றத்தின் அனுமதி கிடையாது. யாரும் மனு எழுதவில்லை.

ஆகவே இன்றும் என் வீட்டு மாடிக்குப் போக நான் பக்கத்து வீட்டுக் கேட்டைத் திறந்து, அவர்கள் படியேறி, ஸ்டெல்லாவின் அறை வாசலைக் கடந்துதான் போக வேண்டும். புதிதாக வரும் உறவினர்களுக்கு இதை விளக்கவே கோமதிக்குக் கால் மணி நேரம் ஆகும். விளக்கும்போது ஒரு வரியையும் விடமாட்டாள். ஸ்டெல்லா இப்போது பாட்டியாகிவிட்டாள். என் செருப்புச் சத்தம் கேட்டால் உள்ளே இருந்தபடியே குரல் கொடுப்பாள்.

"யாரது?"

"நான்தாம்மா. வத்தல் எடுக்க."

"பிளான் அப்ரூவல் இருக்கா அங்கிள்?"

"மனு குடுத்திருக்கேம்மா."

"பேரு போட்டுக் குடுத்தீங்களா?"

பேரப்பிள்ளைகள் வரை அந்த வீடே சிரிக்கும். நான் தட்டைப் பிடித்தபடி வாசலில் நிற்பேன், அவள் "போங்க அங்கிள்" என்று சொல்லும் வரை.