மூச்சை இழுத்துப் பிடிங்க

"மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க. பொத்தானை அமுக்குங்க" என்றது அலமாரி.

உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த எக்ஸ்ரேக்காரர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சிவப்புப் பொத்தானை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. கட்டைவிரல் நகம் வெளுக்கும்வரை அமுக்கிப் பார்த்தார். நேற்று சாயங்காலம் சமர்த்தாக வேலை செய்த பொத்தான் இன்றைக்குப் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது.

"மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று அவருடைய குரலே மறுபடியும் அவரை அதட்டியது.

"யாரு மாப்ள உள்ள? பேஷண்டா?" என்று கூடத்து நாற்காலியிலிருந்து மாமனார் கேட்டார்.

"நான்தான் மாமா."

"பிழைக்குமா?"

"பொத்தான் போயிடுச்சு."

"போனது போகட்டும். தூக்கி வெளியில போடுங்க. ஆளை உட்காரவச்சுப் புதைக்கிற பெட்டி மாதிரி, கூடத்துக்கு நடுவுல."

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு மனைவி போய் ஒரு வருஷம். அவள் போன அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர்கள் முதலில் கேட்டது, "நல்ல படம் ஒண்ணு இருக்கா?" என்பதுதான். மேசை, பெட்டி, பழைய பைகள் என்று எல்லாவற்றையும் கொட்டித் தேடினார்கள். இருபத்தாறு வருஷமாக ஊராரின் நெஞ்சையும் முதுகையும் படமெடுத்துப் பிழைத்த மனுஷனிடம் சொந்தப் பெண்டாட்டியின் முகம் ஒன்றுகூட இல்லை. அவளுடைய நுரையீரல் மட்டும் இருந்தது, ஏழு படம்.

கடைசியில் அவளுடைய அலுவலக அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கினார்கள். பெரிதாக்கிய பிறகுதான் தெரிந்தது, அதில் அவள் தும்மப் போகிறாள். மூக்கு விடைத்து, கண் பாதி மூடி, வாய் லேசாகத் திறந்து, சுவரில் ஒரு வருஷமாகத் தும்மப் போய்க்கொண்டே இருந்தாள். வந்தவர்கள் இரண்டடி தள்ளி நின்றே துக்கம் விசாரித்தார்கள்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் எக்ஸ்ரேக்காரர் சோபாவில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தார். ஆஸ்பத்திரிக்கு விடுப்புக் கடிதம்கூட மாமனார்தான் எழுதினார். மகள் வீட்டோடு வந்து தங்கியிருந்தவர் அவர். முப்பது வருஷம் டெலிபோன் கம்பம் ஏறி இறங்கியவர், எழுபத்தொன்பது வயதில் தட்டோடு சோபாவுக்கும் சமையலறைக்கும் நடந்தார்.

"மாப்ள, சாப்பிடறீங்களா, இல்ல புனல் வச்சு ஊத்தணுமா?"

ஆறாவது மாதம் ஒரு காலையில் எக்ஸ்ரேக்காரர் தானாக எழுந்தார். மனைவியின் மர அலமாரியைக் காலி செய்தார். தட்டுகளைக் கழற்றினார். "மாமா, ஸ்க்ரூ டிரைவர் எங்க இருக்கு?" என்று கேட்டார். ஐந்து மாதத்தில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

உள்ளே ஸ்டூல் போட்டு, எதிரே பழைய லேப்டாப்பையும் கேமராவையும் பொருத்தி, பின்னால் அவள் கடைசியில் போர்த்திக்கொண்டிருந்த நீலப் போர்வையைத் திரையாகக் கட்டினார். படம் எடுத்ததும் "இப்ப விடலாம்" என்று சொல்லி அச்சடித்துக் கொடுக்க வேண்டும். குரல் அவருடையதே. முதலில் பதிவு செய்தபோது வேலைப் பழக்கத்தில், "நகை, பெல்ட் எல்லாம் கழட்டிடுங்க. கர்ப்பமா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க" என்றும் சொல்லிவிட்டார். அதை மாமனார் சொல்லித்தான் அழித்தார்.

இப்போது எக்ஸ்ரேக்காரர் அலமாரியிலிருந்து இறங்கி வந்தார். "இனிமே இந்த வீட்டுல யாரும் ஒரு நல்ல படம் இல்லாம போகக் கூடாது மாமா. முதல்ல உங்களைத்தான் எடுக்கணும்."

மாமனார் சுவரைப் பார்த்தார். "எனக்கு ஆணி அடிச்சாச்சா?"

"இன்னும் இல்ல மாமா" என்றார் எக்ஸ்ரேக்காரர். பொய் பேசத் தெரியாதவர்.

"என் மூஞ்சிக்கு என்ன அவசரம்? அது எங்கயும் ஓடிடாது."

"ஞாயிற்றுக்கிழமை உங்க சின்ன மக வர்றா இல்ல, அன்னிக்கு மூணு பேரும் எடுத்துக்கணும். இது ஒண்ணு முடிஞ்சிட்டா எனக்கு வேற வேலையே இல்ல மாமா. நிம்மதியாப் படுத்துடுவேன்."

மாமனார் காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று செருப்பைத் தேடினார்.

ஆஸ்பத்திரிக்குப் பின் சந்தில் ஓர் எலக்ட்ரானிக் சாமான் கடை. கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு ரேடியோவுக்கு ஒயர் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"பொத்தான் ஒயர்தானே சார்?" என்றார், எக்ஸ்ரேக்காரர் வாயைத் திறப்பதற்குள்.

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுதே."

எக்ஸ்ரேக்காரர் அசந்துபோனார். நோயாளியை ஆறு விதமாகப் படம் எடுத்துக் கொடுத்தாலும், 'பார்க்கலாம்' என்று சொல்கிற டாக்டர்களோடு காலம் தள்ளியவர் அவர்.

பொத்தானை நம்பிப் பயனில்லை என்று முடிவு செய்து, கதவைச் சாத்தினாலே வேலை தொடங்குகிற மாதிரி ஒரு சுவிட்சை மாட்டினார். வியாழக்கிழமை பகலில் காற்று பலமாக அடித்தது. அவர் வேலை முடிந்து வந்தபோது, அலமாரி தானாகச் சாத்திச் சாத்தித் திறந்து, நீலப் போர்வையை நாற்பத்துமூன்று படம் எடுத்து அச்சடித்துத் தள்ளியிருந்தது.

"நாள் பூரா மூச்சைப் பிடின்னு கத்திக்கிட்டே இருந்துச்சு மாப்ள" என்றார் மாமனார். "நானும் எத்தனை தடவைதான் பிடிக்கிறது?"

காற்றுக்கு அசையாமலிருக்கக் கதவில் ஒரு பெரிய காந்தத்தைப் பொருத்தினார். சாத்தினால் சிக்கென்று பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை பார்த்தால் உள்விளக்கு எரியவில்லை.

"விளக்கு ஒயர்" என்றார் கடைக்காரர், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

ஒயரை வாங்கினார். ஆனாலும் அந்தச் சின்ன விளக்கின் மேல் நம்பிக்கை போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்டிருந்த, எக்ஸ்ரே படங்களை மாட்டிப் பார்க்கும் வெளிச்சப் பெட்டியைக் கேட்டு வாங்கி வந்து வைத்தார். வெளிச்சம் கொட்டியது. சோதனைக்குத் தன்னையே எடுத்துப் பார்த்தார். வெள்ளைவெளேரென்று, கண் இருந்த இடத்தில் இரண்டு குழியோடு ஓர் உருவம் வந்தது.

"ஜாடை இருக்கு" என்றார் மாமனார். "ஆனா போய்ச் சேர்ந்து ரெண்டு நாளான மாதிரி இருக்கு."

வெளிச்சத்துக்கு முன்னால் மெழுகுத்தாள் ஒட்டினார். சனிக்கிழமை மத்தியானம் எல்லாம் சரியாக இருந்தது. மூன்று முறை தன்னை எடுத்துப் பார்த்து, ஒவ்வொரு முறையும் காந்தக் கதவைத் தோளால் இடித்துத் திறந்துகொண்டு வெளியே வந்தார். மூன்றிலும் மனிதனாகத்தான் தெரிந்தார். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவசர வேலைக்குக் கூப்பிட்டார்கள். போய் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியின் தங்கை வந்தாள். படியேறும்போதே பேசத் தொடங்குகிறவள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் கதையை முடித்து, அக்காவின் படத்துக்கு முன்னால் நின்று அழுது, அழுகைக்கு நடுவில், "நானாவது தும்மிட்டு உட்காரணும்" என்று சொல்லிவிட்டு, கைப்பையோடு அலமாரிக்குள் ஏறி உட்கார்ந்தாள்.

"சிரிச்ச முகமா இரும்மா" என்றார் எக்ஸ்ரேக்காரர். கதவைச் சாத்தினார். காந்தம் பிடித்துக்கொண்டது.

"மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க."

வெளியே இரண்டு பேரும் காத்திருந்தார்கள். படமெடுக்கும் சத்தம் வரவில்லை. கேமரா படம் தராமல், 'இப்ப விடலாம்' வராது. லேப்டாப்பில் அப்படித்தான் அவர் எழுதி வைத்திருந்தார்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க."

"பிறந்ததுலேர்ந்து இவ இவ்வளவு நேரம் பேசாம இருந்ததே இல்லையே" என்றார் மாமனார், முகம் மாறி.

எக்ஸ்ரேக்காரர் கதவை இழுத்தார். வரவில்லை. உள்ளே தொம்மென்று ஒரு சத்தம்.

"மூச்சை விடும்மா!" என்று மாமனார் கத்தினார்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றது அலமாரி.

"அப்பா சொல்றேன், விடு!"

"அசையாதீங்க."

"யாரு சொல்றதைத்தான் கேக்கறது!" என்று உள்ளேயிருந்து ஓர் அலறல் வந்தது.

சமையலறைக் கத்தியைச் செருகி, இருவருமாக நெம்பினார்கள். காந்தம் விடவில்லை. கீல்தான் விட்டது. கதவோடு அவளும் வெளியே வந்து விழுந்தாள். முகம் சிவந்து, தலை கலைந்து, மூச்சு வாங்கியபடி உட்கார்ந்தவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"அக்காகிட்டயும் இதத்தானே அத்தான் சொன்னீங்க? ஏழு தடவை, மூச்சைப் பிடி, மூச்சைப் பிடின்னு. கடைசித் தடவை அவளால பிடிக்க முடியல, ஞாபகம் இருக்கா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று அலமாரி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. எக்ஸ்ரேக்காரர் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"போதும் மாமா. நாளைக்கு எல்லாத்தையும் கழட்டித் திருப்பிக் குடுத்துடறேன்."

"ஏன் மாப்ள, ஒரு கேமரா ஒயர்தானே? மாட்டிட்டாப் போச்சு!" என்றார் மாமனார். ஆறு மாதமாகத் தூக்கி எறியச் சொன்னவரின் குரல் அன்றைக்குக் கெஞ்சியது.

எக்ஸ்ரேக்காரர் சோபாவுக்குப் போய், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாமனார் சின்ன மகளின் முகத்தைப் பார்க்காமல், தேநீர் ஆறிப்போகும்வரை கோப்பையோடு சோபாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

திங்கட்கிழமை எக்ஸ்ரேக்காரர் எழுந்தபோது மாமனார் வீட்டில் இல்லை. காற்று வாங்கப் போயிருக்க வேண்டும். எல்லாவற்றையும் கழற்றி ஒரு பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்.

"இந்தத் தடவை என்ன கோளாறுன்னு சொல்லுங்க பார்க்கலாம்" என்று பையைப் பலகைமேல் வைத்தார்.

கடைக்காரர் பையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். முதல்முறையாக அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"இது எனக்குத் தெரியாதே சார். இதைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லலையே."

"எவர்?"

"உங்க மாமனார்தான் சார். எதைக் கழட்டினாலும் இங்க வந்து சொல்லிட்டுத்தான் போவார், நீங்க வந்து அலையக் கூடாதுன்னு. இப்பக்கூட வந்து, 'ஒரே நாள்ல சரியாயிடற ஒயரெல்லாம் வேணாம்ப்பா, எதைக் கழட்டினா மாப்ள இன்னும் ஒரு வருஷம் படுக்காம இருப்பார், அதைச் சொல்லு'ன்னு கேட்டுட்டுப் போறார்."