நாற்பத்திரண்டாம் நம்பர் தோல்

786

தாராவி, பம்பாய்-17
12.11.1985

மேலப்பாளையம் தோல் மண்டி உரிமையாளரும், என் மனைவி ஹபீபாவின் உடன்பிறந்த காக்காவும், இந்தக் கடிதத்தை வாசித்து முடிக்கும் வரைக்கும் என் மச்சானுமாகிய ரஹ்மத்துல்லா அவர்களுக்கு ஜெயினுலாப்தீன் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இவ்விடம் ஹபீபாவும் மகள் மெஹராஜும் நலம். நான் நலமில்லை. அவ்விடம் நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். வினை விதைத்தது நீங்கள், அறுப்பது நானல்லவா?

என் தொழில் உங்களுக்குத் தெரியும். நீங்கள் அனுப்புகிற ஆட்டுத்தோலைச் சூடான அச்சுத் தகட்டில் அழுத்தி, பாம்பு மாதிரியும் முதலை மாதிரியும் செதில் விழ வைத்து, சீமாட்டிகள் தோளில் மாட்டுகிற பையாகத் தைத்து விற்கிறேன். 'அசல் பாம்புத் தோல்' என்று சொல்லித்தான் விற்கிறேன். அதைப் பொய் என்று எவனாவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். பொய் வேறு, வியாபாரத்தில் சொல்வது வேறு. பால்காரன் 'தண்ணி கலக்காத பால்' என்கிறான், அவனை யாராவது பிடித்து ஜெயிலில் போடுகிறார்களா? போன மாதம் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருத்தன் வந்து, பையைத் தடவித் தடவிப் பார்த்து, "அசலி ஹை?" என்று கேட்டான். "நூற்றுக்கு நூறு அசல் சாப், கர்நாடகக் காட்டில் நம்ம ஆளே பிடித்தது" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். என் பட்டறையில் தைக்கிற இசக்கி இருக்கிறானே, முதலாளி விசுவாசம் பொங்கி, "இந்தப் பாம்பைப் புடிக்கப் போய்த்தான் சாப் எங்க மாமனுக்கு ஒரு விரல் போச்சு" என்று அவன் பங்குக்கு ஒன்றை எடுத்து விட்டான். அவனுக்கு மாமனே கிடையாது.

வந்தவன் வனத்துறை ஆபீசர் சாவந்த். மறுநாள் காலையில் ஜீப்போடும் ஆறு ஆட்களோடும் வந்து இறங்கினான். பாம்பைக் கொன்று தோலை விற்பது குற்றமாம், எழுபத்திரண்டிலேயே சட்டம் வந்துவிட்டதாம். "சாப், அத்தனையும் ஆடு சாப்! பிரியாணி போட்டது போக மிச்சம்!" என்று கத்தினேன். அவன் நிதானமாகக் கேட்டான், மச்சான். "நேற்று பாம்பு என்றாய், இன்று ஆடு என்கிறாய். பாம்பு என்றால் காட்டு மிருகக் கேஸ். ஆடு என்றால் ஜனங்களை ஏமாற்றிய நானூற்றிருபது. எது வேண்டும், நீயே சொல்." ஆண்டவன் மேல் ஆணை, பிறந்த நாளிலிருந்து என்னிடம் இவ்வளவு மரியாதையாக யாரும் இவ்வளவு அயோக்கியத்தனமான கேள்வி கேட்டதில்லை. பட்டறையில் ஆணியில் தொங்கியது, மேஜையில் கிடந்தது எல்லாவற்றையும் அள்ளி, நம்பர் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, பஞ்சநாமா என்று பறிமுதல் பட்டியலை மராத்தியில் இரண்டு பக்கம் எழுதி நீட்டினான். எனக்கு மராத்தியில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இந்தக் கலவரத்தில் என் பெல்ட்டும் காணாமல் போயிற்று. என் கல்யாணத்துக்கு நீங்கள் போட்டுவிட்டீர்களே, அதுதான். "அசல் உடும்புத் தோல் மாப்ளே, ஆயுசுக்கும் கிழியாது. கோட்டைத் தொறந்து நில்லுங்க, போட்டோவுல தெரியட்டும்" என்று சபையில் என் மானத்தை வாங்கினீர்களே. அதற்காக நான் அழவில்லை. பத்தொன்பது வருஷமாகப் பெருநாளுக்கு வருகிறவர்களிடமெல்லாம் 'மச்சான் கொடுத்த டூப்ளிகேட்' என்று அதைக் காட்டித்தான் சிரிக்கிறேன். தோலிலேயே பிறந்து தோலிலேயே வளர்ந்தவன் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே தெரியாதா, அது அட்டையில் செதில் அடித்த சரக்கென்று? ஆனால் பேண்ட் நழுவுகிறது. வயிறும் கவலையில் வற்றிவிட்டதால் இன்னும் சீக்கிரம் நழுவுகிறது.

சாமான்களை சர்க்கார் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். கொலை நடந்தால் ரத்தத்தைப் பார்த்துச் சொல்வார்களே, அந்த மாதிரி இடம். அங்கே தேஷ்பாண்டே மேடம் என்று ஓர் அம்மா, என் பைகளில் ஒவ்வொன்றிலும் நகத்தளவு வெட்டி எடுத்து நுண்ணோக்கியில் வைத்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டு, "பாருங்கள், செதில் மேலே மட்டும்தான். உள்ளே மும்மூன்றாக ஊசித் துளை தெரிகிறதா? மயிர்க்கால். பாம்புக்கு ஏது மயிர்? இது வெள்ளாடு" என்று இந்தியில் சொன்னார். பார்த்தேன். என் உயிர் திரும்பி வந்தது. அதோடு அந்த அம்மா, "வேலை பிரமாதம், வெறும் கண்ணுக்கு நானே ஏமாந்திருப்பேன்" என்று வேறு சொன்னார். பக்கத்தில் சாவந்த் நிற்காமல் இருந்தால் அந்த வார்த்தையை எழுதி வாங்கிக் கடையில் மாட்டியிருப்பேன். அவன் நோட்டை எடுத்து, 'ஆடு என்று நிரூபணம், ஆகவே ஏமாற்று' என்று குறித்துக்கொண்டான். போகட்டும், அதற்கு அபராதம்தான் என்று வக்கீல் சொன்னார்.

ஆனால் கேளுங்கள், இனிமேல்தான் உங்கள் திருவிளையாடல். ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை ஆடு. நாற்பத்திரண்டாம் நம்பர் துணுக்கை வைத்ததும் அந்த அம்மா முகம் மாறிவிட்டது. என்னையும் பார்க்கச் சொன்னார். வட்டத்துக்குள் மணி மணியாகச் செதில், ஒவ்வொரு மணியைச் சுற்றியும் பொடி மணிகள். மயிர்க்கால் மருந்துக்குக்கூட இல்லை. "உடும்பு. அசல். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்றார். என்ன சொல்வேன்? என் வாழ்நாளில் ஒரு உடும்பை நேருக்கு நேர் பார்த்ததில்லை. ஒரே ஒரு துண்டு நிஜமானாலும் ஜெயில்தானாம். இருபத்தாறாம் தேதி கோர்ட். நிஜத்தைப் பொய்க்குள் ஒளித்துக் கடத்துகிற பெரிய கில்லாடி நான் என்று சாவந்த் எழுதி வைத்திருக்கிறான். நாற்பத்தொரு ஆடும் அந்த ஒரு உடும்பை மறைக்க நான் போட்ட திரையாம்!

இரண்டு நாள் யோசித்தேன். அந்தத் தோல் எந்த வழியாக என் பட்டறைக்குள் வந்திருக்கும்? எனக்குத் தோல் வருவது ஒரே ஒரு மண்டியிலிருந்து. போன கட்டோடு வந்த கடிதத்தில், 'ஒரு தோல் தனி ரகம், பார்த்துப் பயன்படுத்தவும்' என்று எழுதியிருந்தீர்கள். பார்த்தேன் மச்சான், நுண்ணோக்கி வைத்தே பார்த்துவிட்டேன்! உங்கள் பெல்ட்டை டூப்ளிகேட் என்று நான் சொல்வது உங்கள் காதுக்கு வந்ததற்காக, பழி தீர்க்க, 'இந்தா அசல்' என்று ஆட்டுக்கட்டுக்குள் உடும்பைத் திணித்து அனுப்பினீர்களா? தங்கச்சி புருஷன் கம்பி எண்ணினால் உங்கள் மண்டிக்கு மாலையா போடுவார்கள்? இனி உங்கள் மண்டியிலிருந்து ஒரு ஆட்டு வால்கூட எனக்கு வேண்டாம். அடுத்த மாதம் பம்பாய் வருவதாக எழுதியிருந்தீர்கள், வராதீர்கள். வந்தால் வாசலில் இசக்கியை நிறுத்தி வைப்பேன். அவன் என்ன பேசுவான் என்று எனக்கே தெரியாது.

கோபம் உங்களோடு மட்டும். மதினிக்கு சலாம், பிள்ளைகளுக்கு துஆ. உங்களுக்கு நல்ல புத்தி வர ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கும்,

ஜெயினுலாப்தீன்.

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். மெஹராஜ் பள்ளிக்கூடத்தில் மராத்தி படிக்கிறாள். வக்கீலுக்குக் கொடுக்க எடுத்து வைத்த பஞ்சநாமாவைச் சும்மா வாசித்துக்கொண்டிருந்தவள், "அத்தா, நாப்பத்திரண்டு பை இல்ல. 'ஆணியில் தொங்கிய பழைய பெல்ட், பித்தளைக் கொக்கி'ன்னு போட்டிருக்கு" என்றாள். பட்டறைக்குள் நுழைந்ததும் பேண்ட்டை மாற்றிக் கைலி கட்டிக்கொண்டு, பெல்ட்டைப் பைகள் தொங்குகிற ஆணியில் மாட்டுவது என் வழக்கம். ஹபீபா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

மச்சான், உங்கள் பெல்ட் அசல். சர்க்கார் முத்திரையோடு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றேன், ஹபீபா விடவில்லை. "எங்க காக்கா வாசிக்கட்டும். அவுகளைப் பத்தி நீங்க நெனச்சதெல்லாம் அவுகளுக்குத் தெரியட்டும்" என்கிறாள். அந்த 'தனி ரகம்' நல்ல வழவழப்பான வெள்ளாடு, பஞ்சநாமாவில் நான்காம் நம்பர், அதையும் மெஹராஜ்தான் கண்டுபிடித்தாள். சட்டத்துக்கு முந்திய பெல்ட் என்று சாட்சியோடு காட்டினால் ஜட்ஜ் விட்டுவிடலாம் என்று வக்கீல் சொல்கிறார். அதை அசல் என்று சொன்ன ஆள் இந்த உலகத்தில் நீங்கள் ஒருத்தர்தான். மற்ற எல்லாரையும் டூப்ளிகேட் என்று நானே நம்ப வைத்துவிட்டேன். ஆகவே இதைக் கண்டதும், மெட்ராஸ் வந்து தாதர் எக்ஸ்பிரஸைப் பிடித்து, அறுபத்தாறில் எடுத்த கல்யாண போட்டோவோடு வந்து சேருங்கள். கோட்டைத் திறந்து நிற்கிற போட்டோ. நான் கூண்டில் ஏறி என் சரக்கு அத்தனையும் பொய் என்று சத்தியம் செய்ய வேண்டும், நீங்கள் ஏறி உங்கள் சரக்கு மெய் என்று சத்தியம் செய்ய வேண்டும். இதைவிடப் பெரிய தண்டனை எந்த ஜட்ஜும் எனக்குத் தர முடியாது.

பெல்ட்டைத் திருப்பித் தரமாட்டார்களாம். இப்போது சணல் கயிறு கட்டியிருக்கிறேன். கோர்ட்டுக்கு அப்படிப் போக முடியாது. வரும்போது ஒரு பெல்ட் வாங்கி வாருங்கள், டூப்ளிகேட்டாகவே இருக்கட்டும்.