புளியில் ஊறிய சாக்ஸபோன்

பித்தளை எதைக் கண்டாலும் என் கை புளியைத் தேடும். நான் தேய்த்த குடத்தில் முகம் பார்த்துத் தலை வாரலாம் (சும்மா சொல்லவில்லை, வாரியிருக்கிறார்கள்).

எங்கள் வீட்டுக்காரர் கடலூரில் கோயில் பேண்டு செட்டில் சாக்ஸபோன் வாசித்தவர். பல் போனது, வாசிப்பும் போனது; சாக்ஸபோன் மட்டும் வீட்டில் மிஞ்சியது. "இது சாதாரண சாமான் இல்ல" என்று அவர் சொல்லும்போதெல்லாம் என் நாத்தனார் ரோசி, "ஆமாண்ணே, பாத்திரக் கடையில போட்டா ஒரு அண்டா வரும்" என்பாள். அவள் வாயை அடைக்கத்தான், பழைய சாக்ஸபோன்களுக்கு வயசும் மதிப்பும் சொல்கிற ஒரு சாரைச் சிதம்பரத்திலிருந்து வரச் சொன்னார். அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்கும் போனார்.

பெண் பார்க்க ஆள் வரும்போது அழுக்காகவா நிறுத்துவோம்? அண்டாவில் புளி கரைத்து, சாக்ஸபோனை முழுசாக ஊறப்போட்டு, செங்கல்பொடி வைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தேன். தகதகவென்று ஆனது.

சார் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரு தேச்சது?"

"நான்தான் சார்!" (நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.)

"நீங்க தேச்சு எடுத்த அந்தப் பழைய பூச்சுக்குத்தாம்மா பழசைச் சேத்து வைக்கிறவங்க அலையுறாங்க."

வீட்டுக்காரர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் என்னைத் திட்டாதபோதுதான் எனக்குப் பயம்.

ஆனால் அந்த மனிதர் பார்த்த அழகு இருக்கிறதே! மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல சாக்ஸபோனின் முதுகில் பொறித்திருந்த நம்பரைப் பார்த்தார். அதன் அகன்ற வாயில் செதுக்கிய பூவை விரலால் தடவினார். உள்ளே சின்ன பல்பை இறக்கி, துளைகளின் மூடிகளில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தார். கடைசியில் கவிழ்த்தார். புளித் தண்ணீரும், பின்னாடியே ஒரு புளியங்கொட்டையும் அவர் காலில் விழுந்தன.

"அண்ணி, ரசம் ரெடியா?" என்றாள் ரோசி.

சார் சிரிக்கவில்லை. "ஐயா சொன்னது நெசம். வெளிநாட்டுல கையால பூ வெட்டிச் செஞ்சது, ஐயாவைவிட மூத்தது. அழகுக்கு உள்ள மதிப்பு போச்சு. கொரலுக்கு உள்ளது போவல."

சாரே எடுத்துப்போய், மூடிகளுக்கு அடியில் ஊறி உப்பிய தோல்களை மாற்றிக் கொண்டுவந்து, எங்கள் கூடத்தில் நின்று வாசித்தார். தெருவே வாசலுக்கு வந்தது. வீட்டுக்காரரின் விரல்கள் மடியில் தாமாக ஓடின. ரோசி அண்டாவைப் பற்றிப் பேசவேயில்லை.

கேலி பேசுகிறவர் இப்போது வேறு. போன மாதம் பேத்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் எழுந்து உள்ளே போனேன். வந்தவர்கள் காது படவே எங்கள் வீட்டுக்காரர் கத்தினார்:

"யாராவது கூடப் போங்கடி! பொண்ணையும் ஊறப் போட்டுடப் போறா!"