சின்னத் தட்டில் பதினோரு கிலோ

ஒரு சிறுநீரகத்தின் விலை பதினோரு கிலோ.

காசாகக் கொடுத்தால் சட்டம் பிடிக்கும். கிலோவாகக் கொடுத்தால் டாக்டர் நிருபமா வாங்கிக்கொள்வார். அக்கா சரசுவுக்குத் தன் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுக்க வந்து நின்ற தினேஷிடம் அவர் கேட்டது அவ்வளவுதான். தொண்ணூற்று மூன்றிலிருந்து எண்பத்திரண்டுக்கு இறங்கி வர வேண்டும், மூன்று மாதத்தில்.

தினேஷ் சிக்பேட்டைப் புடவைக் கடையில் விற்பனையாளர். சொன்ன விலைக்கு அவன் எதையும் வாங்கியதில்லை. சொன்ன விலைக்கு எதையும் விற்றதுமில்லை.

"ஏழுல முடிச்சுக்கலாமே டாக்டர்."

"இது புடவை இல்ல, தினேஷ்."

"சரி, உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். எட்டரை."

"பதினொண்ணு. உங்களை அறுத்துத் தைக்கப் போறது நான். கொழுப்புக்குள்ள கைவிட்டு கிட்னியைத் தேடிட்டு இருக்க முடியாது."

வாழ்க்கையில் முதல் முறையாக தினேஷ் ஒரே விலைக் கடையில் மாட்டிக்கொண்டான்.

அக்காவின் ரத்த வகைக்கு ஒத்துப்போகிறவர்கள் குடும்பத்தில் இரண்டே பேர். ஒருவன் தினேஷ். இன்னொருவர் அக்காவின் கணவர் அசோகன். சுற்றளவில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. டாக்டர் முதலில் அசோகனைத்தான் பார்த்தார். ஆட்டோ ஓட்டும் அசோகன் சுவரில் இருந்த சிறுநீரகப் படத்தைப் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார்.

"எனக்கு ஊசின்னாலே மயக்கம் வரும் டாக்டர்" என்றார்.

தினேஷ் அந்த இடத்திலேயே மாமாவின் மதிப்பில் பெரிய தள்ளுபடி போட்டான்.

அவனுக்குக் கணக்கு வேறு. அம்மா போனபோது அவன் மூன்றாம் வகுப்பு. சரசு எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டு, ஊதுபத்தி உருட்டி அவனைப் படிக்க வைத்தவள். அவள் விரல் நுனிகளில் இன்றைக்கும் அந்தக் கறுப்பு உண்டு. அப்படிப்பட்டவள் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் எந்திரத்தோடு படுத்துக் கிடக்கிறாள். அவளுக்கு ஒரு சிறுநீரகம் கொடுப்பது தானமே இல்லை, வட்டியில் ஒரு பகுதி என்பது தினேஷின் எண்ணம்.

ஆனால் பதினோரு கிலோ? சாப்பாட்டை விடுவதற்குப் பதிலாக அவனால் சிறுநீரகத்தை மட்டுமல்ல, உயிரையே விட்டுவிட முடியும்.

வழி சொன்னவன் க்ளென். பள்ளிக்கூட நண்பன், குக் டவுனில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்துக்குச் சமையல்காரன்.

"வெண்ணெய், சீஸ், ரொட்டி, இனிப்பு, எல்லாம் திங்கிறாங்க மேன். ஒருத்தருக்கும் தொப்பை இல்ல."

"அது எப்படிடா?"

"மரியாதையா சாப்பிடறாங்க. சின்னத் தட்டு. நிமிர்ந்து உட்காரணும். ஒரு வாய் எடுத்தா கரண்டியைக் கீழ வைக்கணும். நடுவுல பேசணும். ரெண்டாம் தடவை வாங்கக் கூடாது. சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவுல பச்சத் தண்ணி. முக்கியமா, தனியா சாப்பிடவே கூடாது."

எதையும் விட வேண்டாம், அளவை மட்டும் குறைத்தால் போதும். சரக்கு அதே, விலை பாதி! தினேஷ் உடனே ஒப்புக்கொண்டான்.

மனைவி சங்கமித்ரா டெக் பார்க்கில் துப்புரவு மேற்பார்வையாளர். விடியும்போதே வேலைக்குக் கிளம்பிவிடுவாள். காப்பி டவரா மூடி அளவுக்கு ஒரு தட்டை எடுத்து வைத்துவிட்டு, "இதுல என்ன சாப்பிடுவே, மாத்திரையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போய்விட்டால் பேச்சுத் துணைக்கு ஆள்? பக்கத்து வீட்டிலேயே குடியிருந்த மாமா அசோகனே வந்து நின்றார், கையில் அதே மாதிரி ஒரு சின்னத் தட்டோடு.

"நீ உறுப்பே தரே மச்சான். நான் பேச்சாவது தரேனே" என்றார்.

ஸ்ரீராம்புரத்துச் சந்து வீட்டில் சாப்பாட்டு மேஜை போட ஒரே இடம்தான் உண்டு, அது வாசற்படி. திறந்த கதவுக்கு நேரே, மாமனும் மச்சானும் எதிரெதிராக உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு இட்லியைக் கத்தியால் வெட்டி, முள்கரண்டியால் குத்தி, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஆட்டோ மீட்டரைப் பற்றிப் பேசினார்கள். தண்ணீர்க் குடத்தோடு போனவர்கள் திரும்பி வரும்போதும் அதே இட்லி தட்டில் இருந்தது.

முதல் வாரத்தில் ஒரு கிலோ குறைந்தது. தினேஷ் கண்ணாடி முன்னால் நின்று பக்கவாட்டில் தன்னை ரசித்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு ருக்மிணி அக்கா ஒரு பெரிய டப்பாவோடு வந்தாள். அவள் வீட்டிலேயே பிரியாணி செய்து ஆர்டருக்குக் கொடுப்பவள். அவள் தம் போட்டால் வாசனை ஒக்கலிபுரம் வரைக்கும் போகும்.

"அய்யோ, வேணாம்க்கா."

"ஏன், எங்க வீட்டுச் சோறு கசக்குதா?"

வந்த டப்பாவைத் தொடாமல் திருப்புவது அந்தச் சந்தில் ஏழு வருஷத்துச் சண்டைக்கு அச்சாரம். தினேஷ் மாமாவைப் பார்த்தான்.

"திருப்பாதே மச்சான், பாவம். எனக்கு வேணாம், வயிறு சரியில்ல" என்றார் மாமா.

தினேஷ் முறை தவறாமல்தான் சாப்பிட்டான். சின்னத் தட்டு, நிமிர்ந்த முதுகு, வாய்க்கு ஒரு தரம் கரண்டி கீழே. தட்டுதான் ஆறு முறை நிரம்பியது. குறைந்த ஒரு கிலோ மசாலா வாசனையோடு வீடு திரும்பியது.

அடுத்த நாள் அவன் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிட்டான். அதுதான் தப்பு. அந்தச் சந்தில் பகலில் கதவு சாத்தினால் அதற்கு மூன்று காரணம்தான் இருக்க முடியும்: ஃபைனான்ஸ்காரன், புருஷன் பெண்டாட்டி சண்டை, தூக்குக் கயிறு. சாயந்திரம் நான்கு டப்பா வந்தது. கூடவே தெருச் சங்கத்துப் பெரியவர் ஒருவர் வந்து, "எது இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்பா" என்றார்.

"ஒண்ணும் இல்லீங்க. மெதுவா சாப்பிடறேன், அவ்வளவுதான்."

"சோறு இறங்கலியா?" என்றார் பெரியவர் கவலையோடு.

வீட்டில் சாப்பிட்டால்தானே? தினேஷ் காலைச் சாப்பாட்டையும் கடைக்கே எடுத்துப் போனான். கிடங்கில் புடவைக் கட்டுகளுக்கு நடுவே ஒரு மேஜை விரிப்பு, அதன்மேல் சின்னத் தட்டு. முதலில் வெள்ளரிக்காய். அப்புறம் அரைச் சப்பாத்தி. கடைசியாகத் தீப்பெட்டி அளவில் ஒரு சீஸ். அது க்ளென் கொடுத்தது. தனியாகச் சாப்பிடக் கூடாது என்பதால் துணிக்கடைப் பொம்மை ஒன்றை எதிரில் நிறுத்திக்கொண்டான்.

முதலாளி வெங்கடராமன் எட்டிப் பார்த்தார்.

"ஏன்ப்பா, மேல கல்யாணப் பார்ட்டி வந்து நிக்குது. நீ இங்க யார்கூடப்பா பேசிட்டு இருக்கே?"

"இதோ வந்துட்டேன் சார். சீஸ் மட்டும்தான் பாக்கி."

முதலாளி பொம்மையைப் பார்த்தார், தினேஷைப் பார்த்தார். குரல் தழைந்தது. "உங்க வீட்லேர்ந்து போன் வந்துச்சு. நீ சரியாவே சாப்பிடறதில்லையாமே. தீபாவளி போனஸ் நான் குறைச்சதை மனசுல வெச்சுட்டியா?"

அன்று முதல் மதியம் ஒரு மணிக்கு முதலாளி செலவில் ஹோட்டல் சாப்பாடு வந்தது. கூடவே ஹோளிகே என்கிற நெய் மிதக்கும் போளி இரண்டு. முதலாளியே எதிரில் உட்கார்ந்து, தட்டு காலியாகும்வரை எழுந்திருக்க மாட்டார்.

"கடைக்கு ஏன் போன் பண்ணே?" என்று சங்கமித்ராவிடம் எரிந்து விழுந்தான்.

"நானா? எனக்கு உன் கடை நம்பரே தெரியாது."

அவன் நம்பவில்லை. எல்லாப் பெண்டாட்டிகளும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள்.

அரைப் பொய்யால் பயனில்லை, முழு உண்மையைக் கொட்டிவிடுவது என்று முடிவு செய்தான். குழாயடியில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய் நின்றான்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. எங்க அக்காவுக்கு நான் கிட்னி குடுக்கப் போறேன். அதுக்கு நான் இளைக்கணும். தயவு செஞ்சு யாரும் எனக்குச் சோறு தராதீங்க."

இரண்டு பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ருக்மிணி அக்கா மட்டும் ஆச்சரியப்படவே இல்லை. இடுப்பில் கைவைத்துக் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களாடி? உடம்புல இருந்து ஒரு உறுப்பை எடுத்துக் குடுக்கப் போவுது இந்தப் புள்ள. அந்த உடம்பை வெறும் வயித்தோடயா அனுப்புறது?"

அவ்வளவுதான். அதுவரை இரக்கத்தில் வந்த சாப்பாடு இனி மரியாதையில் வந்தது. காலையில் ஆட்டுக்கால் சூப். பத்து மணிக்கு நாட்டுக்கோழி முட்டை. பாதாம் பால், பேரீச்சம்பழம், ருக்மிணி அக்காவின் பிரியாணி, முத்தே என்கிற ராகிக் களி உருண்டை, அதன் நடுக்குழியில் நெய். நீலசந்திராவில் கட்டிக்கொடுத்த பெண்கள்கூடப் பிறந்த வீட்டுக்கு வரும்போது ஒரு டப்பா கொண்டுவந்தார்கள்.

"ஒரு வாய் போதும்மா."

"நாலு வாய்."

"ரெண்டு."

"மூணு. அதுக்குக் கீழ கட்டாது."

சிக்பேட்டைச் சிங்கம் தன் சொந்தச் சந்தில் எல்லாப் பேரத்திலும் தோற்றது. அவனுக்குக் கோபமும் வரவில்லை. தினக்கூலி வாங்கும் பெண்கள் தங்கள் பிள்ளைகளின் முட்டையை அவன் தட்டில் வைக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு யாரைத் திட்டுவது? தன் பங்குக்குச் சரசுவும் புலம்பினாள்: "எனக்கோசரம் பட்டினி கெடக்காதடா." பட்டினியாம்! சில ராத்திரிகளில் அவன் கட்டிலில் படுத்தபடி, இந்தச் சந்துக்கு நான் என்ன செய்துவிட்டேன், எனக்கு இவ்வளவு செய்கிறார்களே என்று கண் கலங்குவான். பிறகு ஏப்பம் வரும்.

மாமா மட்டும் தினமும் காலையில் சின்னத் தட்டோடு வந்து, வெள்ளரிக்காயை வெட்டிக்கொண்டு பேச்சுத் துணை கொடுத்தார். அவர் சட்டை தோளில் தொங்கியது, கன்னம் ஒட்டியிருந்தது. அக்காவைப் பற்றிய கவலை என்று தினேஷ் நினைத்துக்கொண்டான். பயந்தாங்கொள்ளிகளுக்கும் கவலை இருக்கும்தானே.

மூன்று மாதம் முடிந்தது. ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும் நர்ஸ் வீணா, செருப்பைக் கழற்றச் சொன்னாள். பர்ஸை, பெல்ட்டை, கைக்கடிகாரத்தை அவனே கழற்றி வைத்தான். எந்திரம் கூசாமல் தொண்ணூற்று ஆறு என்றது.

டாக்டர் அறைக்குள் போனதும் அவன் கை கூப்பினான்.

"டாக்டர், பதினாலு பாக்கி. இன்னும் ஒரு மாசம் குடுங்க. எங்க அக்காவைக் கைவிட்டுடாதீங்க. வேணும்னா வாயைத் தைச்சு விட்டுடுங்க."

டாக்டர் நிருபமா கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கு யாரும் சொல்லலியா? ஆபரேஷனுக்குத் தேதி குடுத்தாச்சே. அடுத்த வியாழக்கிழமை. உங்க மாமா பன்னிரண்டு கிலோ குறைச்சிருக்கார். எல்லா டெஸ்டும் சரியா இருக்கு."

வெளியே பெஞ்சில் மாமா உட்கார்ந்திருந்தார். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. முகம் வெளிறி, நெற்றி வியர்த்திருந்தது.

"ஊசின்னா மயக்கம் வரும்னீங்களே மாமா!"

"இப்பவும் வந்துச்சே. எழுந்து உக்காந்து, மறுபடி குத்துன்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா விடுவியா நீ? நானு, நீன்னு பேரம் பேசுவே. உன்கிட்ட பேரத்துல யாரு ஜெயிக்கிறது?" மாமா பஞ்சை அழுத்திக்கொண்டார். "நாளெல்லாம் நின்னு பொழைக்கிறவன் நீ. ரெண்டு சின்னப் பசங்க இருக்காங்க. அவ எம் பொண்டாட்டி மச்சான். நான் இருக்கும்போது உன்னை எதுக்கு அறுக்கணும்?"

தினேஷ் மூன்று மாதத்துக்கு முன் போட்ட தள்ளுபடியை எடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கையில் சதையே இல்லை.

சாயந்திரம் சந்துக்குத் திரும்பியதும் நேராக எதிர்வீட்டுக்குப் போனான். ருக்மிணி அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இனிமே எனக்குச் சோறு வேணாம். மாமாதான் கிட்னி குடுக்கப் போறாரு. ஆனா ஒண்ணு. மூணு மாசமா பெத்த புள்ளைக்கு மாதிரி எனக்கு ஆக்கிப் போட்டீங்க. நான் இதை எப்படிக்கா திருப்பித் தருவேன்?"

ருக்மிணி அக்கா வெங்காயக் கண்ணைப் புறங்கையால் துடைத்தாள்.

"அந்த நன்றியை எங்கிட்ட ஏம்பா சொல்றே? எடை பாக்கிற அன்னிக்கு நீ இளைச்சிருக்கவே கூடாதுன்னு, முதல் வாரமே முப்பது பிரியாணிக்கு முன்பணம் கட்டி, நீ சரியா சாப்பிடறதில்லன்னு சந்து பூரா சொல்லி வெச்சது உங்க மாமாதான். அதுல இருபத்தொம்பது உனக்கு வந்து சேந்தாச்சு, ஒண்ணு இன்னும் பாக்கி இருக்கு."